எமனுக்கு அடைத்த வாசல்

ஜெராட் வீதி கிழக்கில், தண்டவாளத்தில் ஓடும் ஸ்ட்ரீட்கார் நிற்கும் தரிப்பிடத்தின் முன்னாலேயே இடியப்பக் கடை வைத்திருந்தவள் புனிதவதி. அவளுடைய இடியப்பப் பார்சலை அவிழ்க்கும்போது தும்மக் கூடாது, தும்மினால் பத்து இடியப்பமும் பறந்துபோய்ப் பக்கத்து வீட்டுக்காரனின் தட்டில் இறங்கிவிடும் என்று நகரத்தின் மற்ற அந்தத்திலிருக்கிற மல்வேர்ன் வரைக்கும் ஒரு கதை நடமாடியது. அப்படிப் பறந்து வந்ததைச் சம்பலோடு சாப்பிட்டவர்களும் மல்வேர்னில் இருக்கிறார்கள். அதை விடுவோம். சொல்ல வந்தது அவள் அடைத்த வாசலைப் பற்றி.

கீழே கடை, கடைக்குப் பின்னால் சமையலறை, மேலே வீடு. மேல்மாடியின் முன்னறையில், வீதியைப் பார்த்த யன்னலோரம், அவளுடைய புருசன் ஸ்ரீதரன் கட்டிலில் கிடந்தார். 2019 மாரியில் ஒரு காலை, பல் விளக்கிக்கொண்டு நின்றவரைப் பாரிசவாதம் அடித்துப் போட்டது. வலப்பக்கம் போனது, பேச்சும் போனது. மிஞ்சியது இடக்கையும் அந்தக் கையில் ஒரு தும்புத்தடிக் காம்பும். அதால் பலகை நிலத்தில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் தண்ணீர். இரண்டு தட்டு என்றால் மூத்திரத்துக்குச் சலச்சட்டி. மூன்று தட்டு என்றால் ஒன்றுமில்லை, சும்மா. கீழே மா குழைத்துக்கொண்டு நிற்கிறவளுக்கு, மேலே அவர் எதற்குத் தட்டுகிறார் என்பது கொதிக்கும் பானையின் சத்தத்துக்குள்ளும் கேட்கும். கையைத் துடைத்துக்கொண்டு பதினாறு படி ஏறுவாள். ஒரு நாளைக்கு முப்பது தடவை. ஐந்து வருடத்தில் ஏறிய படிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தால் சந்திரனில் இறங்கியிருக்கலாம்.

இந்த ஏற்பாடு இருக்கும்வரைக்கும் அவரை எங்கும் அனுப்பத் தேவையில்லை. கடை ஓரிடம், வீடு ஓரிடம் என்று ஆகிவிட்டால் பராமரிப்பு இல்லம்தான். அங்கே கோழிக்கறியையும் கரட்டையும் ஒரே நிறத்தில் அரைத்து ஐஸ்கிறீம் போலக் குவித்துக் கொடுப்பார்கள் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். பேச்சில்லாத மனிதர், பாஷை தெரியாத இடம். அந்த நினைப்பு வரும்போதெல்லாம் மாவை இன்னும் பலமாக அடித்துக் குழைப்பாள்.

அந்தப் பாதையில் ஸ்ட்ரீட்கார் ஓட்டிய கிளிபோட், குருநகர்க்காரன், வேலை முடிந்தால் மட்டன் ரோல்ஸ் தின்ன வருவான். ஸ்ரீதரன் விழுந்த நாளிலிருந்து, கடையைக் கடக்கும்போது மேல்மாடிக்காக இரண்டு தரம் மணியடிக்கத் தொடங்கினான். நல்ல மனசுதான். ஆனால் ஒரு கிழமையில் புனிதவதி அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, உம்மட மணி கேட்டவுடன நான் சட்டியோட மேல ஓடுறன். அவர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். ரெண்டு எண்டால் எங்கட வீட்டில வேற கருத்து."

"என்ன கருத்து அக்கா?"

"ரோல்ஸைத் தின்னும். திண்டு முடிஞ்சாப் பிறகு சொல்லுறன்."

சொன்னபோது கிளிபோட் மேசையில் தலையை வைத்துச் சிரித்தான். "அப்ப மூண்டு என்ன?"

"மூண்டு எண்டால் ஒண்டுமில்லை. சும்மா."

"சரி. இனி மூண்டு அடிக்கிறன். அண்ணைக்கும் சும்மா, எனக்கும் சும்மா."

அப்படித்தான் நான்கு வருடம் போனது. 2023 இளவேனிலில் கட்டடச் சொந்தக்காரன் மரியோ, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குள் வந்தான். அவனுடைய தகப்பன் ஐம்பதுகளில் வாங்கிய கட்டடம். மரியோ தொப்பியைக் கழற்றினால் அது நல்ல செய்தியாக இருந்ததே இல்லை.

"மிஸிஸ் ஸ்ரீ, வித்துவிட்டேன். இந்த ஆறு கடையையும் ஒரே ஆள் வாங்குகிறான். இடித்துவிட்டு முப்பத்தொரு மாடி கட்டப் போகிறான்."

"எங்கட மேல்மாடி?"

மரியோ கூரையைப் பார்த்தான். அந்த நேரம் பார்த்து மேலே ஒரு தட்டு கேட்டது. "தண்ணி கேட்கிறார்" என்றாள் புனிதவதி. தண்ணீர் கொடுத்துவிட்டு அவள் இறங்கி வந்தபோது மரியோ போய்விட்டிருந்தான். மேசையில் ஒரு கடித உறை மட்டும் கிடந்தது.

வந்த கோடையில்தான் சுபாங்கி வந்தாள். நகரசபையில் பழைய கட்டடங்களைப் பற்றி ஆராய்ந்து அறிக்கை எழுதுகிறவள். மராத்திக்காரி, முப்பத்தைந்து வயதிருக்கும். தோளில் கமரா, கையில் அளவுநாடா. அவளுடைய அறிக்கையைப் பார்த்து, இந்த ஆறு கடைகளும் காப்பாற்றப்பட வேண்டிய பழமையா இல்லையா என்று ஒரு குழு தீர்மானிக்கும் என்றாள். புனிதவதிக்கு அதில் ஒரேயொரு சொல்தான் காதில் விழுந்தது. காப்பாற்றப்பட வேண்டிய.

"கதிரையில இரும் பிள்ளை. இடியப்பம் சாப்பிடுவீரோ?"

சுபாங்கிக்குத் தமிழ் தெரியாது. இடியப்பம் தெரிந்திருந்தது. அன்றைக்கு மட்டுமில்லை, அந்த மாதம் முழுக்க வந்தாள். வரும்போதெல்லாம் ஏதாவது பழைய சங்கதி கொண்டுவருவாள். புனிதவதி படித்தவள், யாழ்ப்பாணத்தில் ஐந்து வருடம் சரித்திரம் படிப்பித்தவள். பொலன்னறுவைக் குளம் எத்தனை ஏக்கர் என்று கேட்டால் சொல்வாள். இருபத்தேழு வருடம் நின்ற இந்த நிலத்தின் சரித்திரம் அவளுக்குத் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை.

1912க்கு முன்னர் அந்தப் பக்கம் செங்கல் சூளைகளும் சேறும்தான். ஸ்ட்ரீட்கார் ஓட்டிய தனியார் கம்பனி தண்டவாளத்தை அங்கே நீட்ட மாட்டேன் என்றது. நகரசபை சலித்துப்போய்த் தானே போட்டது. சனங்கள் கம்பனி வண்டியில் வந்து இறங்கி, நகரசபை வண்டியில் ஏறி, இரண்டாவது தரமும் காசு கொடுத்தார்கள். வைதுகொண்டே கொடுத்தார்கள். ஆனாலும் தண்டவாளம் போன வழியெல்லாம் கடை முளைத்தது. காலையில் தண்டவாளம் இறங்கினால் மத்தியானம் இறைச்சிக் கடை, பின்னேரம் சப்பாத்துக் கடை, விளக்கு வைப்பதற்குள் மருந்துக் கடை என்று கொஞ்சம் கூட்டிச் சொன்னாலும் பெரிய பிழையில்லை. கீழே யாவாரம், மேலே குடித்தனம். ஆறு கடைகளையும் ஒரே கட்டடக்காரன் ஒரே அச்சில் கட்டினான்.

"இந்தக் கடையில் முதலில் இருந்தது ரொட்டிக்காரர்" என்றாள் சுபாங்கி. "றொபேட் என்று பெயர். பெண்சாதியோடும் நாலு பிள்ளைகளோடும் மேலேயே இருந்திருக்கிறார்."

"அந்த முன்னறையிலோ?"

"முன்னறையாகத்தான் இருக்கும். 1918இல், விசக்காய்ச்சல் வந்த வருடம், பெண்சாதி மேலேயே இறந்திருக்கிறார். இரண்டு கிழமை கடை பூட்டு. மூன்றாம் கிழமை திறந்துவிட்டார்."

புனிதவதி கூரையைப் பார்த்தாள். மேலே சத்தமில்லை.

சுபாங்கி ஒரு படத்தை மேசையில் விரித்தாள். 1913இல் எடுத்தது. வீதியில் ஒற்றை ஸ்ட்ரீட்கார், பின்னால் ஒரு குதிரை வண்டி. ஆறு கடைகளுக்கும் வாசல் நடுவில் இருந்தது. வாசல் நேரே வீதியில் நிற்கவில்லை. ஐந்தடி உள்ளே தள்ளி, இரு பக்கமும் கண்ணாடிப் பெட்டிகள் சரிந்து ஒடுங்க, ஒரு குகைபோல இருந்தது. குகைக்குள் தொப்பி போட்ட மூன்று பெண்கள் நின்றார்கள். மழை பெய்துகொண்டிருந்தது.

"ஏன் உள்ளே தள்ளி வைத்தார்கள் தெரியுமா அன்ரி? வண்டிக்கு நிற்கிறவர்கள் மழைக்கும் குளிருக்கும் இதற்குள் ஒதுங்குவார்கள். ஒதுங்கினால் இரண்டு பக்கமும் ரொட்டி. பார்த்துக்கொண்டு நிற்கிறவர்கள் ஒன்றாவது வாங்குவார்கள். வாசல்தான் யாவாரம். படத்தில் வாசலுக்கு மேலே பாருங்கள், பட்டைக் கண்ணாடி. உள்பக்கம் வரிவரியாக இருக்கும். வெளிச்சத்தை உடைத்துக் கடையின் பின்சுவர் வரைக்கும் அனுப்பும். மற்ற ஐந்து கடையிலும் அறுபதுகளிலேயே எல்லாம் போய்விட்டது. உங்களுடைய கடையில் மட்டும் 1998 வரைக்கும் எல்லாம் அப்படியே இருந்திருக்கிறது. படம் இருக்கிறது. அதற்குப் பிறகு யாரோ உடைத்திருக்கிறார்கள். யார் என்று தெரிந்தால் நல்லது. அது மட்டும் இருந்திருந்தால் இந்த ஆறு கடையையும் ஒருவனும் தொட முடியாது."

புனிதவதி எழும்பிப்போய் அடுப்பைக் குறைத்தாள். அடுப்பு ஏற்கெனவே குறைந்துதான் இருந்தது.

யார் என்று அவளுக்குத் தெரியும்.

கடை எடுத்து மூன்றாம் வருடம் அது. யாவாரம் படுத்துக்கிடந்தது. கோயில் விளம்பரப் பலகையில் ஒரு வாஸ்துக்காரரின் நம்பரைக் கண்டு, அவள்தான் கூப்பிட்டாள். அவர் மல்வேர்னிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தார். திசைகாட்டியை உள்ளங்கையில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றினார். முகம் இருண்டது. தெற்குப் பார்த்த வாசல், எமதிசை. அதுவும் உள்ளே குழிந்த வாசல், வா வா என்று எமனுக்கு வாயைத் திறந்து வைத்த மாதிரி. நடு வாசலை அடை, தென்கிழக்கு மூலையில் வீதியோடு ஒட்டப் புது வாசல் வை, தலைக்குமேல் இருக்கிற கண்ணாடியைக் கழற்று, வெளிச்சம் உடைந்து விழுகிற வீட்டில் குடும்பமும் உடையும். சொல்லிவிட்டு இரண்டு பார்சல் இடியப்பம் கட்டச் சொன்னார்.

ஸ்ரீதரன் அப்போது வாயும் கையும் நன்றாக ஓடிய மனிதர். "புனிதம், எமன் எருமையில வாற ஆள். எருமைக்கு இந்தத் தண்டவாளத்தில கால் மாட்டுப்படும். அவர் இந்தப் பக்கம் வரமாட்டார்."

"இஞ்சேருங்கோ, உதில பகிடி விடாதேங்கோ."

"பகிடியில்லை. அவர் ஸ்ட்ரீட்காரில வாறதெண்டாலும் சில்லறை சரியா வச்சிருக்கவேணும். மிச்சக் காசு குடுக்க மாட்டாங்கள்."

அவள் மூன்று நாள் கதைக்கவில்லை. நாலாம் நாள் அவர் சுத்தியலை எடுத்தார். தேக்குபோலக் கனத்த பழைய மரச்சட்டங்கள், கண்ணாடிப் பெட்டிகள், எல்லாம் குப்பை லொறியில் போயின. குழி அடைபட்டது. சுவரும் பெயர்ப்பலகையும் ரியூப் லைற்றும் வந்தன. எல்லாவற்றையும் கழித்த மனிதர் பட்டைக் கண்ணாடியை மட்டும் கழிக்கவில்லை. நாற்பது சதுரம். அவற்றைக் கொண்டுபோய்ச் சமையலறையின் பின்பக்கத்தில் ஒரு கூடு கட்டினார், அவருடைய கறிவேப்பிலைக் கன்றுக்கு. இடியப்பம் அவிக்கும் ஆவி சுவரிலிருந்த மின்காற்றாடி வழியாகக் கூட்டுக்குள் போகும். கண்ணாடி, மாரி வெயிலைப் பிடித்துப் பிசைந்து உள்ளே எறியும். கன்று மரமானது. தை மாதத்தில், நகரமே வெள்ளையாகக் கிடக்க, அது மட்டும் பூத்தது. அதன் மணத்துக்கு மேலேயிருந்த பனி உருகி, மூன்று வளவு தள்ளியிருந்த நாய்க்குத் தாளிதத்தின் நினைவில் எச்சில் ஊறியது என்று கிளிபோட் சத்தியம் பண்ணுவான்.

யாவாரம் மட்டும் வாஸ்துக்குப் பிறகு இன்னும் படுத்தது. சனமெல்லாம் ஸ்காபரோப் பக்கம் போய்விட்டது, அதனால்தான் என்று அவள் இருபத்துநாலு வருடம் எல்லாருக்கும் சொல்லி வந்தாள். இப்போது மேசையிலிருந்த படத்தில் மூன்று பெண்கள் மழைக்கு ஒதுங்கி நின்றார்கள். அவள் கடை எடுத்த புதிதில் அதே குழிக்குள் ஒதுங்கி நின்ற வெள்ளைக்கார, சீனக்கார, சோமாலியாக்கார முகங்கள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. "உள்ளே வரலாமா, மணமாக இருக்கிறதே" என்று கேட்டு வந்தவர்கள். அவர்களைத்தான் சீமெந்து வைத்து அடைத்தாள்.

"பிள்ளை" என்றாள் சுபாங்கியிடம். "நான்தான் உடைச்சது."

சுபாங்கி பேனையை மூடினாள். ஏன் என்று கேட்டாள். புனிதவதி சொன்னாள். எமதிசையை இங்கிலீசில் சொல்லி முடிக்க நேரமெடுத்தது.

"1918இல அந்த மனுசி அந்த வாசலாலதானே போனவ? அப்ப அந்தாள் சொன்னது சரிதானே?"

"அந்த வருடம் எமன் இந்த நகரத்தில் எந்தத் திசை வாசலையும் விட்டுவைக்கவில்லை அன்ரி."

கண்ணாடி இன்னும் இருக்கிறது என்று கேட்டதும் சுபாங்கி எழும்பி நின்றுவிட்டாள். நாற்பதும் கையில் இருந்தால், படமும் இருந்தால், பழையபடி வைக்கலாம் என்று வாதாடலாம். ஆனால் குழு கூடுவது தை மாதம். கூடு வெறும் படமாக இருந்தால் போதாது, கண்ணாடி கழற்றித் துடைத்து மேசையில் இருக்க வேண்டும்.

புனிதவதி மேலே போனாள். அவரிடம் கேட்காமல் செய்ய முடியாது. கேட்டாலும் அவர் பதில் சொல்ல முடியாது. கட்டிலின் கால்மாட்டில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். வாஸ்துக்காரரை, படத்தை, இல்லத்தை, கூட்டை.

"நீங்கள் வேண்டாமெண்டனீங்கள். நான்தான் கேக்கேல்லை. இப்ப உங்கட மரத்தையும் கேக்கிறன்."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தடி எழும்பியது. ஒன்று. இரண்டு. அவள் சட்டிக்குக் கையை நீட்டினாள். மூன்று.

கண்ணாடியைக் கழற்ற மனம் வராமல் தள்ளித் தள்ளித் தை மாதம் வந்துவிட்டது, வெளியே உறைநிலைக்குக் கீழே பதினெட்டு. கிளிபோட் லீவு போட்டு வந்து கூட்டைப் பிரித்தான். மரம் பெரிய பீப்பாவில்தான் நின்றது. உள்ளே உருட்டிவிடலாம் என்று நினைத்திருந்தார்கள். ஆனால் அது எப்போதோ பீப்பாவின் அடியை உடைத்து நிலத்துக்குள் இறங்கிவிட்டிருந்தது. இழுத்தார்கள். போர்வை சுற்றினார்கள். மத்தியானம் கண்ணாடி முழுவதும் இறங்கியது. பின்னேரம் நாலு மணிக்கு இலையெல்லாம் கறுத்து, தொட்டால் நொறுங்கியது. கழற்றியதில் மூன்று சதுரம் உடைந்துவிட்டது. முப்பத்தேழு மிஞ்சின. அவற்றை இடியப்பத் தட்டுகளுக்கு நடுவில் வைத்துச் சீலையால் சுற்றிக் கூட்டத்துக்குக் கொண்டு போனாள்.

ஆளுக்கு ஐந்து நிமிடம் தந்தார்கள். புனிதவதி முதல் நிமிடத்தில் கண்ணாடியைக் காட்டினாள். மிச்சம் நாலு நிமிடமும் மேல்மாடியைப் பற்றிச் சொன்னாள், தடியின் மூன்று விதத் தட்டையும் பதினாறு படிகளையும். தலைமை தாங்கிய பெண்மணி கனிவானவர். "அம்மா, உங்களுடைய நிலைமை எங்களுக்கு வருத்தமாக இருக்கிறது. ஆனால் இந்தக் குழு கட்டடத்தைப் பற்றித்தான் பேசலாம், அதற்குள் இருப்பவர்களைப் பற்றி அல்ல" என்றார். ஒருவர் கண்ணாடியை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். கூட்ட மண்டபத்தின் பின்சுவர் வரைக்கும் ஒரு கீற்று ஓடிப்போய் விழுந்தது. எல்லாரும் ஆ என்றார்கள். கைதூக்கினார்கள். காப்பாற்றப்பட வேண்டியதுதான் என்று ஏகமனதாக முடிவாயிற்று. கைதட்டல்கூட இருந்தது.

கடைக்கு வந்து, அந்தச் சந்தோசத்தில் முப்பது பேருக்கு ரோல்ஸ் சும்மா கொடுத்தாள். ஸ்ரீதரனுக்குப் பாயாசம் ஊட்டினாள்.

மூன்று கிழமை கழித்து மரியோ வந்தான். தொப்பி கையில் இருந்தது.

"மிஸிஸ் ஸ்ரீ, வென்றுவிட்டீர்கள். முகத்தை இடிக்க மாட்டான். வீதிப்பக்கச் சுவர் அப்படியே நிற்கும். நடு வாசல், கண்ணாடி, எல்லாம் 1913இல் இருந்த மாதிரித் திருப்பி வைப்பான். எழுதிக் கொடுத்திருக்கிறான்."

"சுவருக்குப் பின்னால?"

"பின்னால் முப்பத்தொரு மாடி."

சுபாங்கிக்கு அது முன்பே தெரியும். இப்படியும் முடியலாம் என்று ஒரு தரம் சொல்லியும் இருந்தாள், ஏதோ நீளமான சட்டச் சொல்லில். புனிதவதி அப்போது குழம்பு கிளறிக்கொண்டிருந்தாள். இப்போது சுபாங்கி வந்து கடை வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை. புனிதவதியும் கூப்பிடவில்லை. தட்டில் இடியப்பத்தை எடுத்து வைத்துவிட்டுத்தான், "வாரும், இடியப்பம் ஆறுது" என்றாள். அந்தப் பிள்ளையைக் கோவித்து என்ன.

புரட்டாதியில் ஆறு கடையும் காலியாயிற்று. புனிதவதிக்கு ஸ்காபரோவில், வோபர்ன் பக்கம் ஒரு நிலக்கீழ் அறை கிடைத்தது. படி பன்னிரண்டு, எல்லாம் கீழ்நோக்கி. ஸ்ரீதரனுக்கு அதில் இறங்க வழியில்லை. வேலையாட்கள் அவரைச் சக்கரக் கட்டிலில் மூலை வாசலால் வெளியே எடுத்தார்கள். அவள் எமனுக்குப் பயந்து வைத்த வாசல் ஒடுக்கமாக இருந்ததால் கட்டிலைச் சரித்துப் பிடிக்கவேண்டியிருந்தது.

பராமரிப்பு இல்லம் புதுக் கட்டடம். வடக்குப் பார்த்த வாசல். வாஸ்துப்படி அதைவிட நல்ல வாசல் கிடையாது. யாரும் முன்னால் வந்தால் தானாகத் திறந்துகொள்ளும், யார் என்று கேட்காது. அங்கே நிலம் றப்பர், தட்டினால் சத்தம் வராது. அவர் கட்டில் கம்பியில் தட்டினார். பக்கத்துக் கட்டில்காரருக்கு நித்திரை வரவில்லை என்று முறைப்பாடு வந்தது. தடியை வாங்கி வைத்தார்கள். மரியாதையாகத்தான் வாங்கினார்கள். ஒரு பொத்தான் கொடுத்தார்கள். பொத்தானுக்கு ஒரே ஒரு சத்தம்தான். தண்ணீர் என்றாலும் அதுதான், சும்மா என்றாலும் அதுதான். இரண்டு பஸ் எடுத்துப் பின்னேரங்களில் அவள் போவாள். அவர் அவளுடைய உள்ளங்கையில் விரலால் தட்டுவார். மாசி முடிவதற்குள் அதுவும் நின்றது.

எமன் தண்டவாளம் இல்லாத வழியாகத்தான் வந்தார். ஸ்ரீதரன் சொன்னதில் அது ஒன்றாவது சரியாயிற்று.

இந்த ஐப்பசியில் ஒரு நாள், கண் டொக்டரிடம் போய்விட்டு, புனிதவதி ஜெராட் வீதி வழியாக வந்தாள். மழை தூறிக்கொண்டிருந்தது. கடைகள் இல்லை. ஆறு கடைகளின் முகம் மட்டும் ஒற்றைச் சுவராக நின்றது, பின்னாலிருந்து இரும்புக் கம்பங்கள் முட்டுக்கொடுத்திருந்தன. கீழ்ப்பக்கம் பலகை அடைப்பு. அடைப்பில் 1913 படத்தைப் பெரிதாக அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். மூன்று பெண்களும் ஆள் உயரத்தில், மழைக்கு ஒதுங்கி நின்றார்கள். தரிப்பிடத்தில் நின்ற நாலைந்து பேர் ஒதுங்க இடமில்லாமல் நனைந்துகொண்டு அவர்களைப் பார்த்தார்கள். புனிதவதியும் நனைந்தாள்.

ஸ்ட்ரீட்கார் வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் கிளிபோட். அவன் அவளைக் காணவில்லை. அவனுடைய கண் மேலே இருந்தது. மூன்று தரம் மணியடித்தான்.

அவளும் மேலே பார்த்தாள். முன்னறை யன்னல் அதே இடத்தில் இருந்தது. அதற்குள்ளால் வானம் தெரிந்தது.